காரணம் கேட்கும் கட்டம்

மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் அந்த மீன் கம்பெனியின் கேட்டுக்கு நூறு அடி முன்னாலேயே துப்பட்டாவை எடுத்து மூக்கைப் பொத்திக்கொள்வது கார்குழலியின் வழக்கம். இரண்டு வருஷமாக ஒரு நாளும் தவறியதில்லை. அந்தத் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கும் கை தானாகத் துப்பட்டாவை மூக்குக்குக் கொண்டுபோனது. அப்புறம்தான் உறைத்தது, பொத்துவதற்கு ஒன்றும் இல்லை. நாற்றமே வரவில்லை. வெள்ளிக்கிழமையிலிருந்து அப்படித்தான். வீட்டில் அம்மா கருவாட்டுக் குழம்பு வைத்தாலும் ஒன்றுதான், தெருவில் சாக்கடை வாரினாலும் ஒன்றுதான். ஆஸ்பத்திரியில் கேட்டதற்கு, "கேஸ் ஏறியிருக்கும், போகப் போக வந்துடும்" என்றார்கள். எத்தனை நாள் என்று அவர்களும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

மூக்கு போனதைப் பற்றிக்கூட அவளுக்குப் பெரிய கவலையில்லை. கோபம் வராததுதான் விசித்திரமாக இருந்தது. மூலக்குளத்தில் அவள் தெருவில் கேட்டால் சொல்வார்கள், இராமதாஸ் மகள் வாயைத் திறந்தால் எதிரில் நிற்பவன் செருப்பைத் தேட வேண்டும் என்று. வேலை பார்த்த மில் மூடியபிறகு அப்பா பாங்க் வாசலில் காவலுக்கு உட்கார்ந்து அவளைக் கல்லூரிக்கு அனுப்பினார். அந்த வீட்டில் அதற்குமுன் யாரும் கல்லூரிப் படியை மிதித்ததில்லை. நேர்முகத் தேர்வில், "இங்கிலீஷ் கொஞ்சம் வீக்கா இருக்கே" என்று சொன்னவனிடம், "சர்வருக்கு நான் ஒண்ணும் பாட்டு பாடப் போறதில்ல சார்" என்று சொல்லி அந்த வேலையைத் தவறவிட்டவள். அப்படிப்பட்டவளுக்கு மூன்று நாளாக ஒன்றும் வரவில்லை. கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. பல்லுக்கு ஊசி போட்ட பிறகு உதட்டைக் கடித்துப் பார்ப்பதுபோல உள்ளுக்குள் அங்கங்கே கடித்துப் பார்த்தாள். மரத்துத்தான் கிடந்தது.

சங்கு ரூம் வாசலில் மேலாளர் சக்கரபாணி காத்துக்கொண்டிருந்தார். பூஜை நாள் தவிர, அந்த மனுஷன் எட்டரைக்கு முன்னால் கம்பெனிக்குள் வந்ததை யாரும் பார்த்ததில்லை.

"வந்துட்டியாம்மா? வா, வா. ஏழரைக்குள்ள முடிச்சிடு. அப்பறம் ராகு காலம்."

"எதை சார்?"

"சனிக்கெழமை போன்ல சொன்னன்ல? அந்த வரி. பதினோரு மணிக்கு விசாரணைக்கு ஆபீசரு வராரு. அதுக்கு முன்னால அது இருக்கக் கூடாது."

செய்யச் சொல்வது திருட்டு வேலை. அதற்கும் நேரம் பார்க்கிறார். வேறு நாளாயிருந்தால் கார்குழலி அதை முகத்துக்கு நேராகவே சொல்லியிருப்பாள். இன்றைக்குச் சாவியை எடுத்துக் கதவைத் திறந்தாள்.

சங்கு ரூம் என்பது ஒருகாலத்தில் உப்பு மூட்டை அடுக்கிய அறை. இப்போது அதில் ஒரு ஏசி, ஒரு இரும்பு அலமாரி, அதற்குள் கண்காணிப்பு சர்வர். கம்பெனி முழுக்கப் பதினெட்டு சென்சார்கள். குளிர் அறைகளில் எத்தனை டிகிரி, கம்ப்ரஸரில் எவ்வளவு அழுத்தம், காற்றில் எவ்வளவு அமோனியா என்று ஐந்து நொடிக்கு ஒருமுறை அவை சொல்லிக்கொண்டே இருக்கும். சர்வர் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளும். எல்லையைத் தாண்டினால் ஹாலில் சங்கை ஊதும், மூன்று பேருடைய போனை அடித்துச் செய்தி சொல்லும். எது எல்லை, எந்த மூன்று போன் என்பதெல்லாம் ஒரு அமைப்புக் கோப்பில் இருக்கிறது. அந்தக் கோப்பு கார்குழலியின் பொறுப்பு. சர்வரை எழுப்புவதும் நிறுத்துவதும் அவள்தான்.

எழுப்புவதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் எழுதி வைக்கும் பதிவேடு, அப்புறம் சர்வர், அப்புறம் சென்சார்களைக் கேட்கும் பகுதி, கடைசியில் சங்கு. நிறுத்தும்போது அதே வரிசை தலைகீழ். எழுந்ததும் ஒருமுறை சங்கைச் சின்னதாக ஊதி, போன்களையும் அடித்துப் பார்த்துக்கொள்ளும். நிறுத்தும்போது திரையில் ஒரு கட்டம் வந்து காரணம் கேட்கும். எதையாவது எழுதாமல் விடாது. யார் நிறுத்தியது, எத்தனை மணிக்கு, என்ன காரணம், மூன்றும் பதிவில் ஒரு வரியாக ஏறிவிடும்.

இதையெல்லாம் நிறுவிக் கொடுத்த சென்னைக்காரர்கள் இங்கிலீஷில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். கார்குழலி அதைத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தாள். நிறுத்தும் முறை என்ற தலைப்பின் கீழ் முதல் வரி: "நிறுத்துவதற்கு முன் ஹாலில் உள்ளவர்களுக்குச் சொல்லவும்." ஒட்டியதோடு சரி. இரண்டு வருஷத்தில் அவளே ஒருமுறைகூடப் போய்ச் சொன்னதில்லை.

வெள்ளிக்கிழமை நடந்தது இதுதான்.

புதன்கிழமை ஆயுத பூஜை. கம்பெனியில் இருக்கிற எல்லா மெஷினையும் செவ்வாய் சாயங்காலமே நிறுத்திக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டினார்கள். சர்வரையும் நிறுத்தச் சொன்னார் சக்கரபாணி. "அதுவும் மெஷினுதான? வருஷத்துக்கு ஒருநாளு அதுக்கும் லீவு வேணாமா?" என்றார். அலமாரிக்குச் சாமந்தி மாலை. வியாழன் விடுமுறை. வெள்ளி காலை ஏழே முக்காலுக்கு முன்னாலேயே வந்த கார்குழலி, வழக்கம்போலச் சர்வரை எழுப்பினாள். சங்கு ஒருமுறை ஊதிப் பார்த்துக்கொண்டது.

அந்தச் சத்தம் கேட்டு, கையில் கற்பூரத் தட்டோடு சக்கரபாணி ஓடி வந்தார்.

"யாரும்மா போடச் சொன்னா? பூஜை போட்ட மெஷின கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழம் சுத்தித்தான எழுப்பணும்? படிச்சவதான நீ? நிறுத்து, நிறுத்து."

"இது அதெல்லாம் இல்ல சார். இது ஓடிக்கிட்டே இருக்கணும்."

"மொதலாளி வூட்ல கேட்டா நீயா பதில் சொல்லுவ? நல்ல நேரம் ஒம்பதே காலு. ஒவ்வொண்ணா வரேன். நிறுத்து."

நிறுத்தினாள். ஹாலில் அப்போது ஆளில்லை, கம்ப்ரஸரும் ஓடவில்லை. கட்டம் காரணம் கேட்டது. முதல் எழுத்தைத் தட்டியதுமே பழைய சொல் தானாக வந்து உட்கார்ந்தது: பராமரிப்பு. இரண்டு வருஷமாக எதற்கு நிறுத்தினாலும் அதே சொல்தான். தட்டிவிட்டுப் போய் டீ குடித்தாள்.

ஒன்பதேகாலுக்குக் கற்பூரம் புறப்பட்டது. கம்ப்ரஸருக்கு முதல் மரியாதை. அது ஓட ஆரம்பித்ததும் படகிலிருந்து வந்த சரக்கை இறக்கி, பெண்கள் ஹாலில் எறா உரிக்க உட்கார்ந்துவிட்டார்கள். கற்பூரம் ஐஸ் மெஷினுக்குப் போனது. தராசுகளுக்கு, மூன்று வேன்களுக்கு, மொதலாளி காருக்கு, கேன்டீன் கிரைண்டருக்குக்கூடப் போனது. சங்கு ரூமுக்கு வந்து சேர்ந்தபோது மணி பத்து முப்பத்திரண்டு. சக்கரபாணி கைக்கடிகாரத்தைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"ராகு காலம் வந்துடுச்சிம்மா. பன்னெண்டுக்கு மேல போட்டுக்க."

"சார், கம்ப்ரஸர் ஓடுது. ஹால்ல ஆள் இருக்காங்க."

"காலைலேருந்து ஓடுதுல்ல? இன்னும் ஒன்ற மணி நேரத்துல என்னா ஆயிடும்?"

அங்கேதான் கார்குழலி சண்டை போட்டிருக்க வேண்டும். சில்லறைக்கும் பஸ் சீட்டுக்கும் சண்டை போடுகிறவள், அங்கே போடவில்லை. கழுத்து வலித்தது, இரண்டு நாள் விடுமுறை அசதி, இந்த ஆளிடம் பேசி என்ன ஆகப்போகிறது என்று ஒரு சலிப்பு. "சரி சார்" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து போனை எடுத்தாள்.

பத்து ஐம்பதுக்குக் குளிர் அறையின் முன்கூடத்தில் ஒரு வால்வு விட்டு அமோனியா கசிந்தது. கத்தல் கேட்டுக் கார்குழலி ஓடியபோது, எலெக்ட்ரீஷியன் இளஞ்செழியன் ஈரத் துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு எறா உரிக்கும் அஞ்சலாட்சியை இழுத்து வந்துகொண்டிருந்தார். இவளும் ஒரு கையைப் பிடித்தாள். அங்கேதான் மூக்கு போனது. வெளியே கொண்டுவந்து போட்டுவிட்டுத் திரும்பி ஓடிச் சர்வரை எழுப்பினாள், யாரையும் கேட்கவில்லை. எழுந்த மறுநொடியே சங்கு ஊதத் தொடங்கி நிற்காமல் ஊதியது. அப்போது ஹாலில் ஒரு ஆளும் இல்லை.

இவ்வளவும் பதிவில் மூன்றே வரி. ஏழு நாற்பத்தொன்றுக்கு எழுப்பியது கார்குழலி. ஏழு ஐம்பத்திரண்டுக்கு நிறுத்தியது கார்குழலி, காரணம் பராமரிப்பு. பத்து ஐம்பத்தேழுக்கு எழுப்பியது கார்குழலி.

"ரெண்டாவது வரியையும் மூணாவது வரியையும் எடுத்துடு," என்றார் சக்கரபாணி, அவள் பின்னால் நின்றுகொண்டு. "அப்ப என்னா ஆவும்? காலைலேருந்து சர்வரு ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சி. சென்சாருதான் ஒண்ணும் சொல்லல. சென்சாரு கோளாறு. முடிஞ்சி போச்சி."

"சென்சார் செக் பண்ணி கையெழுத்துப் போட்டது இளஞ்செழியன் அண்ணன் சார்."

"அவனுக்கு ஒரு மெமோ குடுப்பாங்க. அதிகமாப் போனா வேற எடத்துக்கு அனுப்புவாங்க. ஆம்பள, பொழச்சிக்குவான்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இந்தா பாரும்மா, உனக்காகத்தான் சொல்றேன். அந்த வரில என் பேரா இருக்குது? கற்பூரம்னு எழுதியிருக்குதா, ராகு காலம்னு எழுதியிருக்குதா? உன் பேரு இருக்குது. உன் கையால பராமரிப்புன்னு இருக்குது. நாளைக்கி கேசுன்னு வந்தா நான் சொல்லவே இல்லன்னுடுவேன். உங்கப்பா வெயில்ல உக்காந்து படிக்க வெச்ச படிப்பு. பாத்துக்க."

அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அதுதான் கார்குழலிக்குச் சனிக்கிழமையிலிருந்தே தெரிந்த விஷயம். அந்த வரியை எடுத்தால் அவள் தப்பிப்பாள், இளஞ்செழியன் மாட்டுவார். எடுக்காவிட்டால் அவள் மட்டும் மாட்டுவாள், இந்த ஆள் தப்பிப்பார். எடுத்துவிடலாம் என்றுதான் இரண்டு நாளும் நினைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பெரியாஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்த பிறகும்கூட.

ஆஸ்பத்திரியில் அஞ்சலாட்சிக்கு இரண்டு கண்ணிலும் பஞ்சு வைத்துக் கட்டியிருந்தது. மூக்கில் குழாய். ஐம்பது வயது, வைத்திக்குப்பத்துக்காரி, எறா உரிக்கும் மேசையில் அவள் கைக்கு ஈடு கிடையாது, வாய்க்கும் கிடையாது. பக்கத்தில் அவள் தம்பி மனைவி அமுதவல்லி முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இவளும் அதே மேசைக்காரிதான்.

"யாரு, கம்பியூட்டரா?" என்றது கட்டிலிலிருந்து ஒரு கரகரத்த குரல். "செருப்ப தேச்சிக்கிட்டு நடக்கறதுலயே தெரியுது. வெறுங்கையோடவா வந்த?"

"ஹார்லிக்ஸ் வாங்கியாந்தேன் அக்கா."

"ஹார்லிக்ஸா? நான் என்னா புள்ள பெத்தா படுத்திருக்கேன்? அமுதா, வாங்கி வையி. வூட்டுக்கு எடுத்தும் போயிடாத."

"எடுத்தும் போயி நானா குடிக்கப் போறேன்? உந்தம்பிக்கு அந்த டப்பா பத்துமா?" என்றாள் அமுதவல்லி. சிரிக்கவில்லை.

அஞ்சலாட்சி கொஞ்சநேரம் மூச்சு வாங்கினாள். ஒரு கண் தேறிவிடும், இன்னொன்றைப் பற்றி இப்போது சொல்ல முடியாது என்று வாசலிலேயே நர்ஸ் சொல்லியிருந்தாள்.

"சங்கு ஊதலடி அன்னைக்கி," என்றாள் அஞ்சலாட்சி. குறை சொல்லும் குரல் இல்லை, மழை பெய்யவில்லை என்பதுபோலத்தான் சொன்னாள். "நாத்தம் வந்துச்சி. இவகூட சொன்னா, வந்துடு அண்ணின்னு. நான்தான், இருடி, சங்கு ஊதலியே, கம்பியூட்டர் சொல்லியிருக்குதுல்ல, மூக்க நம்பாத சங்க நம்புன்னு... நாலு டிரேதான் பாக்கி இருந்துச்சி. வெச்சிட்டு வந்துடலாம்னு போனேன்."

உண்மைதான். அந்தப் பக்கம் எப்போதும் லேசாகக் கேஸ் வாடை இருக்கும். அதற்குப் பயந்து பெண்கள் அடிக்கடி எழுந்து வெளியே ஓடுகிறார்கள், வேலை கெடுகிறது என்று போன வருஷம் கார்குழலியை வைத்து ஒரு வகுப்பு நடத்தினார்கள். ஹாலில் ஒரு நீல ஸ்டூல் மேல் ஏறி நின்றுகொண்டு அவள்தான் சொன்னாள், "வாடை வந்தா பயப்படாதீங்க. மூக்க நம்பாதீங்க, சங்க நம்புங்க." எல்லோரும் கை தட்டினார்கள்.

கட்டிலருகே நின்று கார்குழலி வாயைத் திறந்தாள். நான்தான் நிறுத்தினேன் என்பது மூன்று சொல்கூட இல்லை.

"ஹார்லிக்ஸ சூடா கலந்து குடுங்க," என்று அமுதவல்லியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பி வந்துவிட்டாள். பஸ் ஸ்டாண்டு வரை நடந்தாள். அழுகை வருமா என்று பார்த்தாள், வரவில்லை. பஸ் வந்தது.

இப்போது திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். மணி ஏழு பத்தொன்பது.

"ஆரம்பிம்மா," என்றார் சக்கரபாணி.

"ஓடும்போது அந்தப் பதிவத் தொட முடியாது சார். நிறுத்தித்தான் எடுக்கணும்."

"நிறுத்து."

"நிறுத்தினா அதுவும் ஒரு வரியா ஏறும்."

"அதையும் எடுத்துடு. எவ்ளோ நேரமாவும்?"

"பத்து நிமிஷம்."

"பத்து நிமிஷந்தான. போடு."

நிறுத்தும் கட்டளையை எழுதினாள். என்டர் தட்டவில்லை. சர்வர் எழுதிக்கொண்டிருந்த எண்கள் திரையில் ஓரமாக ஏறிக்கொண்டே இருந்தன. முன்கூடத்தில் அமோனியா நான்கு, ஐந்து, நான்கு. வால்வை மாற்றிவிட்டார்கள், இன்றைக்குச் சரக்கு அதிகம் என்று ஆறரைக்கே ஆட்களை வரச் சொல்லியிருந்தார்கள். கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது.

"சார், ஹால்ல நாப்பது பேர் இருக்காங்க."

"அதனால?"

"இத நிறுத்தினா சங்கு ஊதாது."

"பத்து நிமிஷத்துக்கா?"

"அன்னைக்கி ஒன்ற மணி நேரம்னீங்க. இருபது நிமிஷங்கூட ஆகல."

சக்கரபாணி கடிகாரத்தைப் பார்த்தார்.

"அவங்கள வெளிய அனுப்பிட்டு நிறுத்தறேன்," என்றாள் கார்குழலி.

"அனுப்பினா எதுக்கு ஏதுன்னு கேப்பாளுங்க. வேணாம்."

அவள் சுவரைப் பார்த்தாள். தன் கையெழுத்துத்தான். முதல் வரி. அதைப் படித்ததில் அவளுக்கு ஒன்றும் பொங்கி வரவில்லை. ஒரு வேலைக்கு ஒரு முறை இருக்கிறது, முதல் வரியைச் செய்தால்தான் இரண்டாவது வரிக்குப் போக முடியும், அவ்வளவுதான். எழுந்து வெளியே போனாள். பின்னால் அவர் கூப்பிட்டது கேட்டது. நடந்துகொண்டே இருந்தாள்.

ஹாலில் நீண்ட எஃகு மேசைகளுக்கு இரண்டு பக்கமும் ரப்பர் பூட்ஸும் பிளாஸ்டிக் ஏப்ரனுமாகப் பெண்கள் நின்று எறா உரித்துக்கொண்டிருந்தார்கள். நீல ஸ்டூல் மூலையில் கிடந்தது. இழுத்துப்போட்டு ஏறினாள்.

"எல்லாரும் கொஞ்சம் கைய நிறுத்துங்க."

"அடிப்பாவி, மறுபடியும் கிளாசா?" என்று யாரோ சொல்ல, ஒரு சிரிப்பு ஓடியது.

"எல்லாரும் வெளிய போங்க. சர்வர நிறுத்தப் போறேன். நிறுத்தினா கேஸ் வந்தாலும் சங்கு ஊதாது. மறுபடி போடற வரைக்கும் யாரும் உள்ள இருக்கக் கூடாது."

சிரிப்பு அடங்கியது. மூன்றாவது மேசையிலிருந்து அமுதவல்லி நிமிர்ந்தாள். கையில் உரித்த எறா அப்படியே இருந்தது.

"அன்னைக்கும் நிறுத்தித்தான் இருந்துச்சா?"

"ஆமா."

"யாரு நிறுத்துனது?"

"நான்தான்."

கார்குழலி ஸ்டூலைவிட்டு இறங்கவில்லை. மளிகைச் சாமான் படிப்பதுபோல ஒரே குரலில் மீதியையும் சொன்னாள். "காலைல போட்டேன். கற்பூரம் காட்டாம போடக்கூடாதுன்னு சார் நிறுத்தச் சொன்னாரு. நிறுத்தினேன். அப்பறம் ராகு காலம், பன்னெண்டு மணிக்குப் போடுன்னாரு. நீங்கல்லாம் உள்ள இருக்கறது தெரியும். சரின்னு உக்காந்துட்டேன். நிறுத்துனதுக்குக் காரணம் பொய்யா எழுதினேன். அத இப்ப அழிக்கச் சொல்றாரு."

"நேத்து வந்தியேடி," என்றாள் அமுதவல்லி. "அது கண்ணத் தொறக்க முடியாம உங்கிட்ட சொல்லுச்சே. ஹார்லிக்ஸக் குடுத்துட்டுப் போனியே."

"சொல்லல."

அமுதவல்லி கையுறையைக் கழற்றி வீசினாள். ஈரத்தோடு அது கார்குழலியின் கன்னத்தில் பட்டுக் கீழே விழுந்தது. கார்குழலி ஸ்டூலிலிருந்து இறங்கி, கையுறையை எடுத்து மேசையில் வைத்தாள். கன்னம் ஈரமாக இருப்பது தெரிந்தது, அதற்குமேல் ஒன்றும் தெரியவில்லை.

அமுதவல்லி வெளியே நடந்தாள். ஒவ்வொருத்தியாகப் பின்னால் போனார்கள். உரிக்காத எறா மேசைகளில் குவிந்து கிடந்தது.

சங்கு ரூமுக்குத் திரும்பும் வழியில் இளஞ்செழியன் கையில் ஸ்பானரோடு நின்றுகொண்டிருந்தார். ஹாலுக்கு வெளியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்க வேண்டும்.

"கம்ப்ரஸர நிறுத்தட்டுமா குழலி?"

"நிறுத்துங்கண்ணா."

"அந்த வரிய எடுத்துட்டா சென்சாரு மேல வந்திருக்கும், இல்ல?"

"ஆமா."

"நீ எடுக்கறதா இருந்தியா?"

"ரெண்டு நாளா அப்படித்தான் இருந்தேன்."

அவர் அவளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கம்ப்ரஸர் பக்கம் போனார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெரிய இரைச்சல் இறங்கி இறங்கி நின்றது.

சக்கரபாணி அறைக்குள் இல்லை. கேட்டருகே நின்று போனில் யாருடனோ குனிந்து பேசிக்கொண்டிருந்தார். இடையில் நிமிர்ந்து, "ஊரக் கூட்டிட்டல்ல? இருடி, இரு," என்று கையை ஆட்டினார். ஐஸ் உடைக்கும் மேடையின் நிழலில் பெண்கள் குந்தியிருந்தார்கள். கார்குழலி உள்ளே போகாமல் அவர்களிடம் போனாள்.

"அக்கா, உங்க போன் நம்பர் சொல்லுங்க."

அமுதவல்லி தலையைத் தூக்கவில்லை. "எதுக்கு? கேசு போடவா?"

"சங்குக்கு. கேஸ் வந்தா மூணு பேர் போனுக்குப் போவும். சார், இளஞ்செழியன் அண்ணன், மெட்ராஸ்ல இருக்கற மொதலாளி பையன். உள்ள இருக்கற உங்க யாரு நம்பரும் அதுல இல்ல. நான்தான் எழுதினேன் அந்த லிஸ்ட்ட. எனக்கும் தோணல."

"எனக்குப் படிக்கத் தெரியாது."

"படிக்க வேணாம். போன் அடிக்கும். அடிச்சா ஓடுங்க. அடிக்கலன்னாலும் நாத்தம் வந்தா ஓடுங்க. நான் சொன்னது தப்பு. மூக்க நம்புங்க."

அமுதவல்லி ஏப்ரனுக்குள் கைவிட்டு ஒரு பட்டன் போனை எடுத்தாள். அதன் முதுகில் வெள்ளைத் தாளில் எண் எழுதி ஒட்டியிருந்தது. நீட்டினாள். கார்குழலி கையில் எழுதிக்கொண்டாள்.

"எங்கண்ணிகிட்ட நீயே வந்து சொல்லு," என்றாள் அமுதவல்லி. "நான் சொல்ல மாட்டேன்."

"சாயங்காலம் வரேன்."

"இந்த வாட்டி ஹார்லிக்ஸ் வேணாம்."

சங்கு ரூமில் அமைப்புக் கோப்பைத் திறந்து, மூன்று எண்களுக்குக் கீழே நான்காவதாக அந்த எண்ணைச் சேர்த்துச் சேமித்தாள். கோப்பில் எது மாறினாலும் சர்வர் ஒருமுறை நின்று எழுந்தால்தான் அதைப் படிக்கும். பாதியில் விட்டிருந்த கட்டளை அப்படியே காத்திருந்தது. என்டர் தட்டினாள். கட்டம் காரணம் கேட்டது.

பழக்கத்தில் விரல் ப என்று தட்டியதும் பராமரிப்பு வந்து உட்கார்ந்தது. அழித்தாள். அந்தக் கட்டத்தில் இத்தனை எழுத்து இதுவரை யாரும் எழுதியதில்லை, ஏற்குமா என்றுகூட அவளுக்குத் தெரியாது.

"தொழிலாளர் எண் சேர்க்க. ஆட்களை வெளியேற்றி, கம்ப்ரஸரை நிறுத்திய பின். வெள்ளி காலை 7.52க்கு நிறுத்தியதும் நானே, மேலாளர் சக்கரபாணி சொல்லி, பூஜைக்காக. பிறகு ராகு காலம் என்று போடவில்லை. அன்று எழுதிய காரணம் பொய். கார்குழலி."

ஏற்றுக்கொண்டது. சங்கு வாய் மூடியது, கேட்கும் பகுதி நின்றது, சர்வர் நின்றது, கடைசி வரியை எழுதிவிட்டுப் பதிவேடு நின்றது. திரை கறுப்பாக இருந்தது. இப்போது எந்த வரியை வேண்டுமானாலும் அழிக்கலாம். யாரும் பார்க்கவில்லை. இரண்டு வரியும் எங்கே இருக்கிறது என்று அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டே தெரியும்.

பதிவேட்டை எழுப்பினாள். பிறகு சர்வரை. பிறகு மற்றதை. மணி ஏழு ஐம்பத்தொன்று, நல்ல ராகு காலம்.

ஹாலில் சங்கு ஒருமுறை ஊதி நின்றது. வெளியே அமுதவல்லியின் போனும் ஒருமுறை அடித்து நின்றது. சன்னல் வழியாகக் கார்குழலி பார்த்துக்கொண்டிருந்தாள். அமுதவல்லி எழுந்து, புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு ஹால் வாசலுக்கு வந்தாள். உடனே உள்ளே போகவில்லை. வாசற்படியில் நின்று, தலையைச் சற்று உயர்த்தி, மூச்சை நன்றாக ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். அப்புறம்தான் காலை எடுத்து வைத்தாள். பின்னால் வந்தவளும் நின்று இழுத்துப் பார்த்தாள். அதற்குப் பின்னால் வந்தவளும்.

கார்குழலியும் இழுத்துப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, ஆபீசர் வருவதற்காகக் காத்திருந்தாள்.